மிஸ்டிரயல் கேட்பதா, வழக்கை அடியோடு முடிக்கச் சொல்வதா, தீர்ப்பு வரட்டும் என்று இருப்பதா?

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் ஒரு திருட்டு வழக்கு. திருடு போனது ஒரு கீழைநாட்டுக் கம்பளம். கம்பளங்களின் தரமும் விலையும் தெரிந்த ஒருவர் அரசுத் தரப்புச் சாட்சியாக வந்திருந்தார். குற்றம்சாட்டப்பட்ட கென்னடி மீது அவரே முன்பு ஒரு புகார் கொடுத்திருந்தார் என்பது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. அதைச் சரிக்கட்ட எழுந்த அரசு வழக்கறிஞர், கென்னடி குடும்பத்தோடு வியாபாரம் செய்ததுண்டா என்று சாட்சியிடம் கேட்டார். இல்லை என்றார் சாட்சி. "அவர் ஒரு மோசடிப் பேர்வழி என்பதாலா?" என்று கேட்டுவிட்டார் அரசு வழக்கறிஞர்.

தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட குடிமக்கள் குழுவான ஜூரியின் காதில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. எதிர்த்தரப்பு உடனே மிஸ்டிரயல் கேட்டது. இந்த ஜூரியைக் கலைத்துவிட்டு விசாரணையை இத்தோடு நிறுத்துங்கள் என்பதுதான் அந்தக் கோரிக்கை. நீதிபதி ஒப்புக்கொண்டார். அப்புறம் அரசு வேறொரு ஜூரியை வைத்து அதே வழக்கை முதலிலிருந்து நடத்தி, தண்டனையும் வாங்கியது. வரம்பு மீறியது அரசு வழக்கறிஞர்; இரண்டாவது விசாரணையைத் தாங்கியது கென்னடி. 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது.

ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை ஆபத்தில் நிறுத்தக்கூடாது என்று அந்த நாட்டு அரசமைப்பின் ஐந்தாவது திருத்தம் சொல்கிறது. டபுள் ஜெபர்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாதுகாப்பு இதுதான். கென்னடிக்கு அது உதவாமல் போனதற்குக் காரணம், நிறுத்தச் சொன்னது அவருடைய தரப்பே என்பது. ஆகவே அரசு வழக்கறிஞர் எல்லை தாண்டும் நிமிடத்தில் எதிர்த்தரப்பு எதைக் கேட்கிறது, எந்தச் சொற்களில் கேட்கிறது என்பதில்தான் மிச்சம் எல்லாம் அடங்கியிருக்கிறது. யோசிக்க அதிக நேரமும் கிடைக்காது.

பாதுகாப்பு எப்போது தொடங்குகிறது

ஜூரி விசாரணையில், ஜூரி உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்த கணத்திலிருந்து குற்றம்சாட்டப்பட்டவர் 'ஆபத்தில்' இருக்கிறார். 1978இல் கிரிஸ்ட் எதிர் பிரெட்ஸ் வழக்கு இதை எல்லா மாநிலங்களுக்கும் உறுதிசெய்தது. அதற்கு முன் அரசு எத்தனை முறை பின்வாங்கினாலும் இந்தப் பாதுகாப்பு எழாது. அதற்குப் பின், அந்தக் குறிப்பிட்ட ஜூரியின் கையால் தன் வழக்கு முடிவதைக் காணும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது.

அந்த ஜூரியை அவர் எதிர்ப்பையும் மீறி நீதிபதி கலைத்தால், வேறு வழியே இல்லாத வெளிப்படையான அவசியம் இருந்தது என்று காட்டியாக வேண்டும். 1824இல் பெரெஸ் வழக்கில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி வைத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது. குற்றம்சாட்டப்பட்டவரே கலைக்கச் சொன்னாலோ கதை மாறுகிறது. அது அவருடைய தேர்வு, எனவே மறுவிசாரணைக்குத் தடையில்லை என்பது பொதுவிதி. 1976இல் டினிட்ஸ் வழக்கு அதை அழுத்தமாகச் சொன்னது.

இந்திய நீதிமன்றங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அந்நியமாக இருக்கும். நம்மிடம் ஜூரியும் இல்லை, கலைப்பும் இல்லை. நம் அரசமைப்பின் 20(2)ஆவது பிரிவும், ஏற்கெனவே வழக்கு நடந்து தண்டனையும் பெற்றவரை மட்டும்தான் காக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்போ தீர்ப்புக்கு முன்பே, விசாரணை நடுவிலேயே விழித்துக்கொள்கிறது. அரசு வழக்கறிஞரின் நடத்தை அங்கே இத்தனை பெரிய கேள்வியாவது அதனால்தான்.

வெறும் மிஸ்டிரயல்

மூன்று வழிகளில் இதுதான் எளிதில் கிடைப்பது. கேட்பது முறையானதாக இருந்தால் நீதிபதிகளும் கொடுத்துவிடுவார்கள். கெட்டுப்போன ஜூரியிடமிருந்து தப்பிக்கலாம். அடுத்த விசாரணைக்குள் சாட்சிகள் சொன்னதெல்லாம் எழுத்து வடிவில் கையில் இருக்கும். அவர்கள் மாற்றிப் பேசினால் பிடிக்கலாம்.

அதே வசதி அரசுக்கும் உண்டு. எதிர்த்தரப்பு எந்தப் பக்கம் வாதாடப் போகிறது என்பதை அரசு பார்த்துவிட்டது. எந்தச் சாட்சி தடுமாறினார், எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியும். குற்றம்சாட்டப்பட்டவர் ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருந்தால் காத்திருப்பு முழுவதும் சிறையில்தான். கையில் பணம் இல்லாதவருக்கு முதல் விசாரணையோடு எல்லாம் கரைந்திருக்கும்.

மறுபடி மறுபடி விசாரணை என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மிசிசிப்பியின் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் வழக்கை விட வேதனையான சான்று எனக்குத் தெரியாது. வினோனா என்ற சிறு ஊரில் 1996இல் ஒரு மரச்சாமான் கடையில் 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஃபிளவர்ஸ் மீது ஒரே மாவட்ட அரசு வழக்கறிஞர் 1997 முதல் 2010 வரை 6 முறை வழக்கு நடத்தினார். முதல் இரண்டு தண்டனைகள் அரசு வழக்கறிஞரின் முறைகேடுகளால் மேல்முறையீட்டில் ரத்தாயின. மூன்றாவது, கறுப்பின ஜூரி உறுப்பினர்களைப் பாகுபாட்டோடு விலக்கியதால் ரத்தானது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆறாவதின் மரண தண்டனையை 2019இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, மறுபடியும் ஜூரித் தேர்வில் பாகுபாடு என்று. 2020இல்தான் அரசு வழக்கைக் கைவிட்டது. அதற்குள் கிட்டத்தட்ட 23 ஆண்டுகளை அவர் சிறையில் கழித்துவிட்டார். இவற்றில் பெரும்பாலானவை மிஸ்டிரயல் அல்ல, மேல்முறையீட்டில் ரத்தானவைதான். ஆனாலும் தன் தவறால் வழக்கு கவிழ்ந்தபோதெல்லாம் அரசுக்குப் புதிய ஜூரி கிடைத்துக்கொண்டே இருந்தது. தவறுக்கு விலை கொடுத்தவர் தவறு செய்யாதவர்.

மறுவிசாரணை கூடாது என்று சேர்த்துக் கேட்பது

இரண்டாவது வழி, விசாரணையை நிறுத்துவதோடு வழக்கையும் நிரந்தரமாக முடித்துவையுங்கள் என்று கேட்பது. கிடைத்தால் முழு விடுதலைக்குச் சமம். கிடைப்பதுதான் கடினம். எவ்வளவு கடினம் என்பது எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது.

ஃபெடரல் அளவுகோல், அதாவது நாடு முழுவதற்குமான அரசமைப்பின் கீழ் வரும் அளவுகோல், கென்னடி வழக்கில் வந்ததுதான். நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, எதிர்த்தரப்பை மிஸ்டிரயல் கேட்க வைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடேயே அரசு வழக்கறிஞர் தூண்டியிருந்தால் மட்டும்தான் மறுவிசாரணைக்குத் தடை. எவ்வளவு அசிங்கமான கேள்வியாக இருந்தாலும் சரி, வேண்டுமென்றே கேட்டதாக இருந்தாலும் சரி, நோக்கம் ஜூரியைக் கெடுத்து ஜெயிப்பதுதான் என்றால் தடை கிடையாது.

இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெருடுகிறது. தோற்கப் போகும் வழக்கைக் கலைத்துவிட்டு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்ட அரசு வழக்கறிஞருக்குத் தண்டனை; பொய்யான வழியில் இன்றே ஜெயித்துவிடலாம் என்று நினைத்தவருக்கு இரண்டாவது வாய்ப்பு. இரண்டாமவர் செய்தது எப்படிச் சின்னத் தவறாகும்? அதே வழக்கில் நீதிபதி ஸ்டீவன்ஸ் முடிவை ஏற்றுக்கொண்டாலும் இந்த அளவுகோலை ஏற்கவில்லை. கெடுக்க நினைத்தாரா, கலைக்க வைக்க நினைத்தாரா என்று ஒரு அரசு வழக்கறிஞரின் மனத்துக்குள் புகுந்து பிரித்துக்காட்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று எழுதினார். அவரோடு இன்னும் மூவர் சேர்ந்திருந்தார்கள். அதாவது 9 பேரும் முடிவில் ஒன்றுபட்டாலும், அளவுகோலில் 5க்கு 4.

ரென்குவிஸ்ட் தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. தடையை அகலமாக்கினால், மிஸ்டிரயல் கொடுத்தால் குற்றவாளி ஒரேயடியாகத் தப்பிவிடுவாரோ என்று அஞ்சி நீதிபதிகள் மிஸ்டிரயலே கொடுக்கத் தயங்குவார்கள். கடைசியில் நஷ்டம் குற்றம்சாட்டப்பட்டவருக்குத்தான். உண்மையாகவே இது யோசிக்க வேண்டியது. ஆனால் இன்று ஜூரியைக் கலைப்பதும், மறுவிசாரணை கூடுமா என்று பின்னர் தீர்மானிப்பதும் இரண்டு வெவ்வேறு முடிவுகள். முதலாவதை உடனே எடுத்துவிட்டு, இரண்டாவதற்குச் சாட்சியம் கேட்டு நிதானமாக முடிவெடுக்கலாம்.

மாநிலங்கள் பல இந்த அளவுகோலைத் தங்கள் சொந்த அரசமைப்பின் கீழ் விரிவாக்கின. முதலில் செய்தது ஒரேகனே. கென்னடி வழக்கு திரும்பி வந்தபோது, 1983இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: தன் நடத்தை முறையற்றது, எதிராளிக்குக் கேடானது என்று தெரிந்தும், மிஸ்டிரயலோ தண்டனை ரத்தோ வந்தால் வரட்டும் என்று அலட்சியமாக இருந்தாலே தடை விழும். கலைப்பதே குறியாக இருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. (கென்னடிக்கு அப்போதும் பலன் கிடைக்கவில்லை, அந்தக் கேள்வி தவறு என்று அறிந்தே கேட்டதாக நீதிமன்றம் ஏற்கவில்லை.) 1984இல் அரிசோனாவும், 1996இல் நியூ மெக்சிகோவும் ஏறக்குறைய இதே பாதையில் போயின. ஹவாய் 1999இல் இன்னொரு கோணத்தில் பார்த்தது. இறுதி வாதத்தில் ஜூரியின் நிறவெறுப்பைத் தூண்டும்படி பேசிய அரசு வழக்கறிஞரின் வழக்கில், நோக்கம் எதுவானாலும் அத்தகைய கொடிய நடத்தைக்குப் பின் மறுவிசாரணை கூடாது என்றது.

பென்சில்வேனியாவின் கதை இன்னும் விரிவானது. 1992இல் ஸ்மித் வழக்கு. மூவரைக் கொன்றதாக மரண தண்டனை பெற்றிருந்தவர். இறந்தவர்களில் ஒருவரின் பாதத்திலிருந்து மணல் துகள்கள் எடுக்கப்பட்டிருந்தன; கொலை கடற்கரைப் பக்கம் நடந்திருக்கலாம் என்ற எதிர்த்தரப்பு வாதத்துக்கு அது வலுவான ஆதாரம். அரசு அதை மறைத்தது. இப்படியொரு மறைப்புக்குப் பிறகு மறுவிசாரணை என்பது பரிகாரமே ஆகாது என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணை கிடைக்காமல் செய்ய வேண்டுமென்றே நடந்துகொண்டாலும் தடை உண்டு என்பது அன்று பிறந்த விதி.

2020இல் ஜான்சன் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கொலை. சம்பவ இடத்தில் ஒரு சிவப்புத் தொப்பி. இறந்தவர் அணிந்திருந்த கறுப்புத் தொப்பி தனியாகப் போலீசுக்கு வந்தது. சிவப்புத் தொப்பியில் ஜான்சனின் மரபணு. ரத்தம் இருந்தது கறுப்புத் தொப்பியில். விசாரணையில் இரண்டும் ஒரே தொப்பியாகிவிட்டன: ஜான்சனின் மரபணுவும் இறந்தவரின் ரத்தமும் ஒரே சிவப்புத் தொப்பியில் இருந்தன என்று ஜூரியிடம் சொல்லப்பட்டது. 2007இல் மரண தண்டனை. வேண்டுமென்றே செய்த ஏமாற்று என்று நிரூபணமாகவில்லை. பொறுப்பே இல்லாமல், ஆபத்தைக் கண்டும் காணாமல் நடந்தாலும் போதும், மறுவிசாரணை கூடாது என்றது நீதிமன்றம். நான் நிற்பது இந்தப் பக்கம்தான். ஒரு மனிதரின் உயிரை வைத்து வழக்காடும்போது எந்தத் தொப்பியில் என்ன இருந்தது என்று பார்ப்பது அரசின் குறைந்தபட்சக் கடமை.

டெக்சஸ் எதிர்த்திசையில் நடந்தது. 1996இல் விரிந்த அளவுகோலை ஏற்று, 2007இல் அதைக் கைவிட்டு ஃபெடரல் விதிக்கே திரும்பியது. ஆக அங்கே இந்த இரண்டாவது வழியை நம்பி இருப்பது பெரும்பாலும் வீண். அதே கேள்வி, அதே முறைகேடு. அங்கே மறுவிசாரணை, பென்சில்வேனியாவில் விடுதலை.

இந்த வழி சரியாகக் கைகூடியதற்கு அண்மை உதாரணம் நியூ மெக்சிகோவில், 2024 ஜூலையில் நடந்தது. 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் இறந்த வழக்கில் நடிகர் அலெக் பால்ட்வின் விசாரணை தொடங்கி, ஜூரியும் உறுதிமொழி எடுத்துவிட்டது. வழக்கோடு தொடர்புள்ள தோட்டாக்கள் போலீசிடம் வந்து, வேறு வழக்கு எண்ணின் கீழ் வைக்கப்பட்டு, எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்படவே இல்லை என்பது அப்போது தெரியவந்தது. அவருடைய வழக்கறிஞர்கள் மிஸ்டிரயலில் திருப்திப்படாமல், வழக்கையே நிரந்தரமாகத் தள்ளுபடி செய்யக் கேட்டார்கள். நீதிபதி மேரி மார்லோ சாமர் நடுவிலேயே விசாரணை நடத்தி, மறைப்பு வேண்டுமென்றே நடந்தது என்று கண்டு, ஜூலை 12இல் வழக்கை முடித்துவைத்தார். அரசு மேல்முறையீடு செய்து, அந்த ஆண்டு டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. அன்று அவர்கள் வெறும் மிஸ்டிரயல் கேட்டு வாங்கியிருந்தால், தோட்டாக்களைக் கொடுத்துவிட்டு அரசு மறுபடி வர வழி இருந்திருக்கும்.

ஆட்சேபித்துவிட்டுத் தொடர்வது

மூன்றாவது வழியைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆட்சேபணையைப் பதிவுசெய்து, கேட்டதை மறந்துவிடுங்கள் என்று ஜூரிக்கு அறிவுறுத்தச் சொல்லி, விசாரணையை முடிய விடுவது. ஜூரி விடுதலை என்றால் அத்தோடு முடிந்தது. வழக்கு நடத்திய அரசு அதைத் திருப்ப முடியாது. நீதிபதியே தவறாகக் கொடுத்த விடுதலைக்கும் இந்த வலிமை உண்டு. 1962இல் ஃபோங் ஃபூ வழக்கில், அரசு வழக்கறிஞரின் நடத்தையையும் சாட்சிகளின் நம்பகமின்மையையும் காரணம் காட்டி, அரசுத் தரப்பு சாட்சியத்தை முடிக்கும் முன்பே, குற்றமற்றவர்கள் என்று தீர்ப்புச் சொல்லும்படி ஜூரிக்கு நீதிபதி உத்தரவிட்டார். அந்த உத்தரவுக்கு அடிப்படை மிகத் தவறாக இருந்தாலும் மறுவிசாரணை கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

ஒரு போராட்டத்தின்போது இருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், 2021இல் விஸ்கான்சினின் கெனோஷாவில் நடந்த கைல் ரிட்டன்ஹவுஸ் விசாரணையில் இந்த வழிகள் பக்கத்துப் பக்கமாக நின்றன. கைதான பின் அவர் மௌனமாக இருந்ததைப் பற்றி அரசு வழக்கறிஞர் கேள்வி எழுப்ப, நீதிபதி ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு அவரைக் கடுமையாகக் கண்டித்தார். மறுவிசாரணைக்கு இடமில்லாத மிஸ்டிரயல் வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நீதிபதி முடிவைத் தள்ளிவைத்தார். விசாரணை ஓடியது. நவம்பர் 19இல் ஜூரி எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் விடுவித்தது. அந்த வழக்கின் தீர்ப்பைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், உத்தியாகப் பார்த்தால் கோரிக்கை பதிவில் இருந்தது, ஜூரியும் கையில் இருந்தது.

ஆனால் தண்டனை வந்துவிட்டால் இந்த வழி கசக்கும். மேல்முறையீட்டில், தவறு நடந்தது உண்மைதான், ஆனால் முடிவை அது மாற்றியிருக்காது என்று சொல்லிவிடலாம். மாற்றியிருக்கும் என்று ஒப்புக்கொண்டாலும் பெரும்பாலும் கிடைப்பது மறுவிசாரணைதான், அதுவும் ஆண்டுகள் கழித்து.

நீதிபதி தானாகவே ஜூரியைக் கலைக்க முனைந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடலாம். எதிர்ப்பைச் சத்தமாகப் பதிவுசெய்ய வேண்டும், அவ்வளவுதான். ஃபெடரல் நீதிமன்றங்களில் கலைக்கும் முன் இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்று 26.3ஆம் விதி இருக்கிறது. அப்போது மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் நீதிமன்றங்கள் உண்டு. அரசே தன் சாட்சி வரவில்லை என்று கலைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அந்த மாதிரி கலைப்பை நீதிமன்றங்கள் மிகக் கடுமையாகச் சோதிக்கும். 1963இல் டவ்னம் வழக்கு அப்படித்தான் குற்றம்சாட்டப்பட்டவர் பக்கம் முடிந்தது.

எதைத் தேர்வது

ஜூரி எப்படிப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அரசுத் தரப்பு தடுமாறிக்கொண்டிருக்கிறது, சாட்சிகள் உடைந்துவிட்டார்கள் என்றால், அந்த ஜூரியை விட்டுக்கொடுப்பது பைத்தியக்காரத்தனம். ஆட்சேபித்து, அறிவுறுத்தல் கேட்டு, தீர்ப்புக்குப் போவதே மேல். அத்தகைய நேரத்தில் நடக்கும் முறைகேடு, கலைக்க வைக்கும் தூண்டிலாகவும் இருக்கலாம். ஃபெடரல் விதியின்கீழ் தடையை நிரூபிக்க ஓரளவு வழியுள்ள ஒரே சூழலும் அதுதான்.

ஜூரி கெட்டுவிட்டது, மறைத்த ஆதாரம் இப்போதுதான் வெளியே வருகிறது, மாநிலமும் பென்சில்வேனியா, ஒரேகன், அரிசோனா, நியூ மெக்சிகோ மாதிரி என்றால் நிரந்தரத் தள்ளுபடியைத்தான் முதலில் கேட்க வேண்டும். சும்மா கேட்டால் போதாது. அரசு வழக்கறிஞரையே சாட்சியாக அழைத்து, எப்போது தெரியும், ஏன் கொடுக்கவில்லை என்று பதில் வாங்க வேண்டும். முன்பு நீதிபதி எச்சரித்திருந்தால் அந்தப் பதிவை எடுத்துவைக்க வேண்டும். மறுவிசாரணைக்கு இடம் தரும் கலைப்புக்கு எங்கள் சம்மதம் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

வெறும் மிஸ்டிரயலை நான் கடைசியில்தான் வைப்பேன். டெக்சஸ் மாதிரி மாநிலம், ஜூரி முகத்திலேயே தண்டனை தெரிகிறது, கட்சிக்காரர் ஜாமீனில் வெளியே இருக்கிறார் என்ற மூன்றும் சேர்ந்தால் அதுவே புத்திசாலித்தனம். அவர் உள்ளே இருந்தால், இன்னும் எத்தனை மாதம் இருக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லி, முடிவை அவரையே எடுக்க விட வேண்டும். காத்திருக்கப் போவது வழக்கறிஞர் இல்லை.

கலைப்புக்குப் பின் தடை கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியானாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மற்ற ஆட்சேபணைகளுக்கு வழக்கு முடியும்வரை பொறுக்க வேண்டும். டபுள் ஜெபர்டி மனுவுக்கு அப்படி இல்லை. 1977இல் அப்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஃபெடரல் வழக்குகளில் இரண்டாவது விசாரணை தொடங்கும் முன்பே மேல்முறையீடு செய்யலாம். மாநிலங்களில் அதற்கான நடைமுறை வேறுபடும். அந்த மனுவை எழுதும்போது கையில் இருக்கப் போவது, அரசு வழக்கறிஞர் எல்லை தாண்டிய அன்று எதிர்த்தரப்பு எழுந்து நின்று சொன்ன சொற்கள் மட்டும்தான்.